மன்சிக் அடித்த ஜிஜி

தோ மன்சிக்குக்கு நாற்பத்திரண்டு வயது. அன்யாங் ஊர்ச் சந்தைக்குள் சலவைக் கடை வைத்திருந்தார், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். இத்தனை இருந்தும் சந்தையில் அவருக்குப் பெயர் ஜிஜி அண்ணன். கோட்டு சூட்டு இஸ்திரிக்குப் போட வருகிற வங்கி மேலாளர்கூட, "ஜிஜி அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்பார். மன்சிக் சிரித்துக்கொண்டே ரசீது கிழித்துக் கொடுப்பார். உள்ளுக்குள் பற்றி எரியும்.

உலகக் கோப்பைக் கால்பந்து அந்த நாட்டில் நடந்ததற்கு மறு வருஷம் அது. ஊரே 'ஸ்டார்' என்று சொன்ன அந்த விண்வெளிச் சண்டை ஆட்டத்தில் கிறுக்குப் பிடித்துக் கிடந்தது. மண்ணைத் தோண்டிக் கனிமம் எடு, கோட்டை கட்டு, படை சேர், எதிரியின் கோட்டையை இடி, அவ்வளவுதான் ஆட்டம். தோற்கப்போகிறவன் சாட் வரியில் 'ஜிஜி' என்று இரண்டு எழுத்து தட்டிவிட்டு வெளியேற வேண்டும். குட் கேம், நல்ல ஆட்டம் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அதெல்லாம் மரியாதைக்கு. நிஜ அர்த்தம், நான் செத்தேன், ஆளை விடு. தட்டாமல் எழுந்து போகிறவனை நாய்கூட மதிக்காது.

அந்த இரண்டு எழுத்தை மன்சிக் அளவுக்குத் தட்டியவர் அன்யாங்கில் கிடையாது. முக்கால்வாசியும் ஒரே ஆளிடம்: குக் யோங்பே, மீன் வடைக் கடைக்காரர், ஒன்றாம் வகுப்பிலிருந்து மன்சிக்கின் சிநேகிதர். ஐந்து வருஷமாக யோங்பேயிடம் ஒரு தடவைகூட மன்சிக் ஜெயித்ததில்லை. யோங்பே யாரிடமும் ஜிஜி தட்டி யாரும் பார்த்ததும் இல்லை. தாங்க முடியாத வாய் வேறு.

"டேய் மன்சிக், உன் கீபோர்டுல மத்த எழுத்தெல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்குடா. ஜி மட்டும் தேஞ்சு போச்சு."

சந்தைப் பேச்சே அப்போது அந்த ஆட்டத்துப் பேச்சுதான். தோஃபு கடைக்காரர் பஸ் நிலையத்தில் இரண்டாவது கடை திறந்தால், "மல்டி போட்டுட்டாரு" என்பார்கள், ஆட்டத்தில் இரண்டாவது கோட்டைக்கு அதுதான் பெயர். மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து இறங்கினால் அது ரஷ், திடீர்ப் படையெடுப்பு. ஆட்டத்தில் எதிரி மறைத்து வைத்ததையெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டுகிற வித்தைக்கு ஸ்கேன் என்று பெயர். மன்சிக்கின் மனைவி ஒக்ஹி, காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஆடுகிற பிசி பாங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம், "ஸ்கேன் விழுந்துடுச்சுடோய்!" என்று உள்ளே குரல் எழும். மன்சிக் மேசைக்கடியில் குனிந்துவிடுவார்.

"குனிஞ்சது போதும், எந்திரிங்க. கடையில மூணு பேரு பேண்ட்டுக்கு நிக்கறாங்க. அடிச்சாச்சா ஜிஜி?"

"இன்னும் இல்ல."

"அடிச்சுட்டு வாங்க. எப்படியும் அடிக்கத்தானே போறீங்க?"

கட்டின மனைவி இப்படிச் சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யோங்பே தன்னிடம் ஜிஜி தட்ட வேண்டும். மன்சிக்குக்கு வேறு ஆசை எதுவும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இதைவிடப் பெரிய ஆசை இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் சந்தைச் சங்கம் கடைக்காரர்களுக்கென்று ஒரு போட்டி வைத்தது. சந்தை மூடுகிற ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், மிசுன் அக்காவின் பிசி பாங்கில். மிசுன் அக்காதான் நடுவர். ஆடத் தெரியாது, ஆனால் எதிரே நின்று கத்துகிறவனைக் கண்ணாலேயே உட்கார வைக்கத் தெரியும். முன்பு ஒருவன் ஜிஜி தட்டிவிட்டு, "சும்மா தமாஷுக்கு" என்று தொடர்ந்து ஆடப்போய் கைகலப்பாகி, இரண்டு நாற்காலி உடைந்தது. அன்றிலிருந்து அக்காவின் சட்டம் ஒன்றுதான்: முதலில் தட்டினவன் தோற்றவன். கடவுளே தட்டியிருந்தாலும் சரி.

சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே மன்சிக்கும் யோங்பேயும்.

"அக்கா, இதுக்கு எதுக்கு ஆட்டம்? இப்பவே ஜிஜி வாங்கிக்கிறேனே" என்றார் யோங்பே. கூட்டம் சிரித்தது. மன்சிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு விரல் வேகம் கிடையாது, கண்ட்ரோல் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது சுத்தமாகக் கிடையாது. இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. ஆனால் அன்று ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்.

யோங்பேயின் பூச்சிப் படை வழக்கம்போல அலையலையாக வந்தது. மன்சிக்கின் மனிதப் படை வாசலை அடைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. யோங்பே விட்ட பறக்கும் பூச்சிகள் மொத்தமும் அங்கேயே சுடப்பட்டு விழுந்தன. சரி, மன்சிக் கோட்டைக்குள்ளேயே கிடந்து சாகப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். யோங்பே தரைப்படை முழுவதையும் திரட்டிக் கடைசி இடி இடித்தார். கோட்டை சரிந்தது.

"அடிடா ஜிஜியை!" என்று கூட்டம் கத்தியது.

மன்சிக் தட்டவில்லை. உள்ளே படை பாதிதான் இருந்தது. மீதிப் பாதி நான்கு விமானங்களில் ஏறி, வரைபடத்தின் ஓரமாகவே சுற்றிப் போய், காவலில்லாத யோங்பேயின் கோட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. யோங்பே இங்கே இடிக்க, மன்சிக் அங்கே இடித்தார். கட்டடம் ஒன்றுகூட மிச்சமில்லாதவன் தோற்றவன். மனிதப் படையின் கட்டடங்கள் வானத்தில் கிளம்பிப் பறக்கும். கடைசியாக மிஞ்சிய ஒன்றைக் கிளப்பி, அதலபாதாளத்தின் மேலே கொண்டுபோய் நிறுத்தினார். கீழே யோங்பேயின் படை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. பறக்கும் பூச்சி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

யோங்பேயின் வாய் முதல் தடவையாக மூடியிருந்தது. அவருக்கு மிச்சம் ஒரே ஒரு கட்டடம், அதுவும் ரத்தம் கக்கிக்கொண்டு, இதோ அதோ என்று இருந்தது. பிசி பாங்கில் நூடுல்ஸ் உறிஞ்சுகிற சத்தம்கூட இல்லை. மன்சிக்கின் கண் நிறைந்துவிட்டது. ஆட்டம் முடியப்போகிறது, இதோ முடியப்போகிறது! ஆட்டம் முடிகிறபோது அவர் விரல்கள் ஐந்து வருஷமாக என்ன செய்து பழகியிருந்தனவோ அதையே செய்தன.

திரையில் மன்சிக்கின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து வந்து நின்றது.

ஜிஜி.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு கிளம்பியது. தோஃபு கடைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மன்சிக் தன் விரல்களையே பார்த்தார், யாருடையவையோ போல.

"அக்கா, கை தானா போயிடுச்சு" என்றார்.

"தெரியுதுடா தம்பி." மிசுன் அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சட்டம் சட்டம்தான். யோங்பே ஜெயிச்சான்." பலகையில் யோங்பேயின் பெயரை அடுத்த சுற்றுக்கு ஏற்றினார்.

ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. யோங்பே அந்த இரண்டு எழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கடைசிக் கட்டடம் வெடித்துச் சிதற இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவர் கீபோர்டின் மேல் குனிந்தார். ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக, இரண்டு எழுத்து.

ஜிஜி.

"டேய், என்ன பண்ற?" அக்கா கத்தினார். "நீ ஜெயிச்சாச்சு. இப்ப அடிச்சா செல்லாது!"

"செல்லாட்டிப் போகட்டும்க்கா." யோங்பே ஹெட்போனைக் கழற்றிவிட்டு, திரைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "மன்சிக்... நீ என்னைக் கொன்னுட்டடா. சுத்தமா கொன்னுட்ட. எங்கேர்ந்துடா புடிச்ச இந்த வித்தைய?"

மன்சிக் நாற்காலியில் சாய்ந்து, கூட்டத்துக்கு நடுவில், வெட்கமே இல்லாமல் அழுதார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

பையில் கைபேசி அடித்தது. ஒக்ஹி.

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"அது தெரிஞ்சதுதானே. அதுக்கு ஏன் குரல் இப்படி இருக்கு? அழறீங்களா, சிரிக்கிறீங்களா?"

"ரெண்டும்தான். ஒக்ஹி... யோங்பே ஜிஜி அடிச்சுட்டான். என்கிட்ட."

ஆட்டத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவள், சட்டம் என்ன, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்முனையில் ஜன்னலைத் தடாலென்று திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒக்ஹியின் குரல், கைபேசிக்கு இல்லை, மூடிக் கிடந்த சந்தைத் தெரு முழுவதற்கும்:

"ஏய், எல்லாரும் கேட்டுக்கங்க! எங்க வீட்டுக்காரர்கிட்ட யோங்பே ஜிஜி அடிச்சுட்டானாம்!"