மாங்குளத்துக் கல்லெழுத்து

மதுரை கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவமனை. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, சாயங்காலம் தரையைத் துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது எல்லாம் தமிழ்வாணியின் வேலை. வயது முப்பத்தைந்து. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கணவன் பாண்டிராஜ் பெயின்டர், பிள்ளைகள் இரண்டு.

குரூப் ஃபோர் தேர்வுக்கு அவளைக் கிளப்பிவிட்டவள் கீழே மருந்துக்கடையில் இருந்த ஜெனி. பெற்றோர் இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். இரண்டு முறை எழுதித் தவறவிட்டு மூன்றாவது முறைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மதியம் கூட்டம் இல்லாத ஒரு மணி நேரம் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள்.

தமிழ்ப் பகுதி நூறு கேள்வி தமிழ்வாணிக்குச் சிரமமில்லை. கணக்கு இருபத்தைந்தும் போகப்போகப் பழகிவிட்டது. பொது அறிவு எழுபத்தைந்துதான் ஆளை அமுக்கியது. போர், ஆண்டு, ஆறு, அணை, சட்டப்பிரிவு. இன்றைக்கு மனப்பாடம் செய்தால் நாளைக்குத் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அதெல்லாம் யாரோ பெரிய மனிதர்களுக்கு எங்கோ நடந்தது, தனக்கும் அதற்கும் என்ன என்று ஒரு விலகல் அவளுக்குள் இருந்தது.

ஒருநாள் ஜெனி புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். "நெடுஞ்செழியன் பேரு வர்ற தமிழி கல்வெட்டு எங்க இருக்குக்கா? மதுரைக்குப் பக்கத்துலதான்."

"தெரியலையே."

"மாங்குளம்."

தமிழ்வாணி நிமிர்ந்தாள். "எந்த மாங்குளம்?"

"அழகர்கோவில் பக்கம் இருக்குல்ல, மீனாட்சிபுரத்து மலை. குகைக்குள்ள கல்படுக்கை இருக்காம். ரெண்டாயிரத்து எரநூறு வருசமாம்க்கா."

தமிழ்வாணி புத்தகத்தை வாங்கித் தானே படித்தாள். மறுபடியும் படித்தாள். அந்த மலையடிவாரம்தான் அவள் பிறந்த இடம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போக, பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் இவள்தான் ஆடுகளை அந்த மலைக்கு ஓட்டிப்போனாள். மழை பிடித்துக்கொண்டால் குகைக்குள் ஒதுங்கி, வழவழவென்றிருந்த அந்தப் படுக்கைகளில் ஒன்றில் சுருண்டு படுத்துக்கொள்வாள். பாறை நெற்றியில் இருந்த கோடுகளை யாரோ அரிவாள் தீட்டிய தடம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நான் அதுல படுத்துத் தூங்கியிருக்கேன் ஜெனி" என்றாள்.

அம்மா அழகம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அது பஞ்சபாண்டவர் படுக்கைடீ. எழுத்தாவது கிழுத்தாவது" என்றாள் அழகம்மாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜெனி ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். பதினோரு மணிக்கெல்லாம் இருவரும் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜெனிக்கு மூச்சு வாங்கியது. தமிழ்வாணியின் கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

குகை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நோட்டில் வரைந்து வந்திருந்த பழைய தமிழி எழுத்து அட்டவணையை ஜெனி பிரித்துப் பிடித்தாள். உச்சி வெயில் பாறையை உரசி விழுந்ததில் கோடுகள் நிழல் கட்டி எழுந்து நின்றன. கூட்டல் குறி போல ஒன்று. அட்டவணையில் தேடினாள். க. அதை அடுத்து, மேலும் கீழும் கோடு போட்ட கம்பம் போல ஒன்று. ணி. கொஞ்சம் தள்ளி, தரையில் நட்ட குச்சி போல ஒன்று. ந.

"கணி… நந்த" என்று வாய்விட்டுப் படித்தாள்.

"அது ஒரு சமணத் துறவி பேருக்கா! அவருக்குத்தான் நெடுஞ்செழியனோட அதிகாரி இந்தப் படுக்கையை வெட்டிக் கொடுத்திருக்கார்."

தமிழ்வாணி மறுபடியும் அந்தப் பெயரைப் படித்தாள். இங்கே படுத்திருந்த ஒருவரின் பெயர். அத்தனை காலம் தாண்டி, பல் மருத்துவமனையில் தரை துடைக்கும் ஒருத்தியின் வாயிலிருந்து அது வெளியே வருகிறது. மன்னர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள்; இந்தக் 'க' அப்படியே இருக்கிறது. கீழே அவள் ஊரின் வீடுகளும் வயல்களும் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. ஊரை அத்தனை நேரம் அவள் பார்த்துக்கொண்டு நின்றதே இல்லை.

"போலாமாக்கா?" என்று ஜெனி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு படிப்பு வேறு மாதிரி ஆயிற்று. எந்தப் பாடத்தை எடுத்தாலும் அங்கே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே படித்தாள். வைகையைப் படிக்கும்போது சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் வரைக்கும் தண்ணீர் எப்படி வருகிறது என்று யோசித்தாள். சட்டப்பிரிவு பதினேழு தீண்டாமையை ஒழித்தது என்று படித்த அன்று, அப்பா டீக்கடை வாசலிலேயே நின்று டீ குடித்தது நினைவுக்கு வந்தது. எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து அந்த ஒற்றை வரியை எழுதியிருப்பார்கள் என்று மலைப்பாக இருந்தது. அந்த எண் அவளுக்கு மறக்கவே இல்லை.

தேர்வில் மாங்குளத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து விடைகளைச் சரிபார்த்தபோது பொது அறிவில் மட்டும் அறுபத்திரண்டு சரியாக இருந்தது. ஜெனி நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள்.

"எனக்கே அம்பத்தெட்டுதான்க்கா" என்று சிரித்தாள்.

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. கலந்தாய்வுக்கு இருவருக்குமே அழைப்பு. ஜெனிக்குத் திண்டுக்கல்லில் தட்டச்சர் வேலை, தமிழ்வாணிக்கு உசிலம்பட்டியில் இளநிலை உதவியாளர். ஆணையைக் கையில் வாங்கியதும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"எம்புட்டுப் பேரு எழுதுனாக?" என்று கேட்டாள் அழகம்மாள்.

"பத்து லட்சத்துக்கு மேலம்மா."

"ஆத்தி! அம்புட்டுப் பேருலயா ஓம் பேரு வந்திருக்கு?"

"ஆமாம்மா."

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் அழகம்மாள்.