பூத்துக் கிடந்த குறுக்குப் பாதை

வர்க்கி தின்றுகொண்டே வேலை பார்த்தால் இதுதான் கதி. தாள் முழுக்கத் தூள். ஊதி ஊதித் தள்ளிவிட்டுத்தான் செல்வி கோடு போட்டாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு மொட்டைப் பென்சில், அடுப்பில் கொதிக்கிற தேத்தண்ணி... நாங்கள் இரண்டு பேரும் மலையையே கூறு போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது நான் குன்னூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். செல்வி ஜெகதளா பக்கம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவள். ஸ்கூலில் என் பெஞ்சுக்காரி. சிலோனிலிருந்து வந்த குடும்பம் என்பதால் அவள் வீட்டில் டீக்குத் தேத்தண்ணி என்றுதான் பெயர்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. பச்சைத் தேயிலையை விற்றால் பறிக்கிற கூலிக்கே காணாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். செல்விக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கிடைத்தால் பெரிது. அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீடாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. செல்வியும் பையைக் கட்டி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை பஸ்.

"போகாதடி" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"இங்க இருந்து என்னத்தத் திங்கறது புள்ள?" என்பாள்.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து லாட்ஜுக்கு போன். எட்டுப் பேர், எல்லோரும் ரிட்டயர்ட் ஆட்கள். கார் வேண்டாம், நடக்க வேண்டும், வழி போட்டுக் கொடுங்கள் என்றார்கள். முதலாளிக்கு ஒரே சிரிப்பு. "நடக்கறதுக்கா இவ்வளவு தூரம் வர்றாங்க? நீயே பாத்துக்கம்மா."

நான் நேராக ஓடியது செல்வி வீட்டுக்கு.

மூன்று கோடு போட்டோம். மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு சமவழி. மூச்சு இருப்பவர்களுக்குச் சோலைக்குள் ஏறுகிற செங்குத்து. மூன்றாவது, மேட்டிலிருந்து தேயிலைக்குள் புகுந்து ஓடைக்கு இறங்குகிற குறுக்குப் பாதை. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் செல்விக்குத் தெரியாது.

"மூட்டையோட போனா ரெண்டு எடத்துல எறக்கி வெக்கோணும். அவ்வளவு தூரம்."

அதையே அப்படியே எழுதிக்கொண்டேன்!

"எதுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றேன்.

"எத்தன வருஷம் நடந்த வழி. கண்ணக் கட்டி உட்டாலும் போயிருவேன்."

சனிக்கிழமை காலை. வந்தவர்கள் கேட்டது மூன்றாவது வழியை. மூடுபனியில் மேடு ஏறி, மூச்சு வாங்கி, போட்டோ எடுத்து... குறுக்குப் பாதை வாசலுக்கு வந்து நின்றால், பாதையைக் காணோம்.

எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை பாருங்கள். தேயிலைக்குள் வழி இருப்பது பறிக்கிறவர்கள் நடப்பதால்தான். இடுப்பளவு இருந்த செடி தலைக்கு மேல் வளர்ந்து, இரண்டு பக்கமும் கை கோத்து நின்றது. போதாததற்குப் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூ வேறு.

"அட, தேயிலை பூக்குமா! எவ்வளவு அழகு!" என்றார் ஒரு அம்மா.

"பறிக்க ஆளிருந்தா பூக்காதுங்க மேடம்" என்றாள் செல்வி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. திரும்பிப் போனால் முதலாளி சிரிப்பார், திங்கட்கிழமை பஸ் வரும், அவ்வளவுதான்.

செல்வி தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தாள். பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு உள்ளே இருந்தது. வேலை இல்லாத நாளிலும் அதை விட்டு அவள் எங்கேயும் போனதில்லை. கட்டிக்கொண்டாள். சின்ன அரிவாளைக் கையில் எடுத்தாள். குரலே மாறிவிட்டது.

"எல்லாரும் ஆளுக்கொரு நிரை புடிங்க. குறுக்க நிக்கறத நா வெட்டறேன், நீங்க கொழுந்தப் பறிச்சுக்கிட்டே வாங்க. தோட்டக்காரரு யாரு வேணா பறிச்சுக்கட்டும்னுதான் சொல்லியிருக்காரு."

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல... எட்டுப் பேரும் வரிசை கட்டி இறங்கிவிட்டார்கள். கூட்டிவந்த பெரியவர் பேங்கில் மேனேஜராக இருந்தவராம். அவருக்குத்தான் திட்டு அதிகம்.

"ஏனுங்க சார், முத்தலைப் பறிக்கறீங்க? ரெண்டு இலை, ஒரு கொழுந்து. கண்ணு எங்க இருக்குது?"

"சாரிம்மா, சாரிம்மா" என்று அவர் நெளிய, அவர் மனைவி சிரித்த சிரிப்பு ஓடை வரைக்கும் கேட்டிருக்கும். அரை மணி நேர வழிக்கு மூன்று மணி நேரம். அட்டை கடித்தது, சட்டை கிழிந்தது, தொப்பியெல்லாம் கொழுந்து.

அந்தக் கொழுந்தைச் செல்வி தன் வீட்டில் கடாயில் வதக்கி, கையால் தேய்த்து, உலர்த்தித் தேத்தண்ணி போட்டாள். ஒரே புகை வாசம். பெரியவர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மாசா மாசம் எங்க ஆளுங்க வருவாங்க. ஆனா, இந்தம்மாதான் கூட வரணும்."

"அப்ப திங்கக்கெழம பஸ்ஸுக்கு நா போகலீங்க" என்றாள் அவரிடம். நான் சமையலறைக்குள் போய் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தேயிலை விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சில தோட்டங்களில் காட்டேஜ் வந்துவிட்டது. காலண்டர் தாளில் மூன்றாக இருந்த வழி, செல்வியின் டைரியில் இப்போது பதினொன்று. குறுக்குப் பாதை பளிச்சென்று திறந்து கிடக்கிறது.

போகாதே என்று அவளைப் பிடித்து நிறுத்திய நான்தான் கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன்... ஃபேன் காற்றில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவளுக்கு போன் போட்டேன். "எத்தன பேரு? முட்டி வலி யாருக்காச்சும் இருக்குதா?" என்று கறாராகக் கேட்டுக்கொண்டாள். போனதும் கட்டிப்பிடித்து, திட்டி, தேத்தண்ணி கொடுத்தாள். அவள் உள்ளே போன நேரத்தில் டைரியை எட்டிப் பார்த்தேன். அன்றைய தேதியில் பென்சிலில் எழுதியிருந்தது:

"கோயமுத்தூர் பார்ட்டி. நாலு பேரு. மெதுவாத்தான் நடப்பாங்க."