பொட்டக் ஆட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... நான் ஒரு முட்டாள். வேனின் எஞ்சின் பெல்ட்டுக்குக் குளிக்கிற சவுக்காரம் தேய்த்தவன். அதுவும் சந்தன வாசம் வீசுகிற சவுக்காரம்.

எங்கள் வேன் பழசு. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச் என்று கத்த ஆரம்பித்திருந்தது. அலுவிகாரையில் எங்கள் லேன் முழுக்கக் கேட்கும். பொனட்டைத் திறந்து பார்த்தேன். பெல்ட் ஓடுகிற சக்கரங்கள், அதாவது புல்லிகள், சுற்றிக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் ஒழுக்கமாகச் சுற்ற, அடியில் இருந்த பெரியது மட்டும் இடுப்பை ஆட்டிக்கொண்டு சுற்றியது.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டில் சவுக்காரத்தைத் தேய்த்தேன். சத்தம் நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் சத்தமில்லாத ஆட்டம் யாருக்குத் தெரியப்போகிறது?

என் மனைவி சசிக்குத் தெரியாமல் இருந்தால் போதும். அவள் லக்கலயில் இங்கிலீஷ் டீச்சர். பள்ளிக்கூட நாட்களில் அங்கேயே குவாட்டர்ஸில் தங்குவாள். ஞாயிற்றுக்கிழமை நான் வேனில் கொண்டுபோய் விடுவேன், வெள்ளிக்கிழமை கூட்டிவருவேன். அந்தப் பக்கம் பஸ் குறைவு. மலையை ஏறி இறங்கிவிட்டால் வயலும் காடும்தான். பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும். அங்கே வேன் நின்றால், தள்ளிவிடச் சொல்லி யானையைத்தான் கேட்க வேண்டும்.

மனச்சாட்சி லேசாக உறுத்தியது. ரிஸ்வான் நானாவுக்குப் போன் பண்ணினேன். மாத்தளை டவுனில் கராஜ் வைத்திருப்பவர், எங்கள் வேனின் குடும்ப டொக்டர். புல்லி ஒன்று பொட்டக் ஆடுகிறது, பரவாயில்லையா என்று கேட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பொட்டக்’ என்பது சிங்களத்திடம் நாங்கள் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சொல். ‘கொஞ்சம்’ என்று அர்த்தம். ‘பொட்டக் இருங்க’ என்று ஒருவர் உள்ளே போனால், நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. பல்லேபொலயில் ‘பொட்டக் தூரம்தான்’ என்று வழி சொன்னால் தண்ணீர் போத்தலோடு கிளம்ப வேண்டும். எந்த அளவுக்கும் பொருந்துகிற சொல்... அதாவது, எந்த அளவுமே இல்லாத சொல்.

எந்தப் புல்லி என்று நானா கேட்டார். முன்னால் இருக்கிறது என்றேன். எல்லாப் புல்லியும் முன்னால்தான் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் அழுத்திச் செய்த புல்லி என்றால் புதுசிலேயே லேசாக ஆடும், பெல்ட் நேராக ஓடினால் பயப்பட வேண்டாம் என்று கத்திச் சொன்னார். அதில் இருந்த ‘என்றால்’களை நான் கணக்கில் எடுக்கவில்லை. ‘பயப்பட வேண்டாம்’ மட்டும் மனதில் பத்திரமாக இருந்தது.

போன ஞாயிறு மத்தியானம். பைகளை ஏற்றியாயிற்று. ஸ்டார்ட் பண்ணினேன். கீச்!

சசி இறங்கி வந்து பொனட்டைத் திறக்கச் சொன்னாள். சந்தனம் மணந்தது. பெல்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. சுற்றிலும் கறுப்புத் தூள்.

“கீழ இருக்கிற சக்கரம் ஆடுதே.”

“பொட்டக்தான் சசி. நானாகிட்ட கேட்டுட்டேன். பயப்பட ஒன்னுமில்லன்னாரு.”

“அலுவிகாரையில பொட்டக். லக்கலயில எவ்வளவு?”

அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது! எங்கள் ஊர் வழியே போகிற ஏ9 ரோட்டில் வேன் நின்றால் எதிரே டீக்கடை இருக்கும், புத்தி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். லக்கல ரோட்டில்? ஓர் ஆட்டம் சின்னதா பெரியதா என்பது, வண்டி நிற்கும்போது நாம் எங்கே நிற்போம் என்பதைப் பொறுத்தது போல.

எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள். அதன் நுனி புல்லியின் விளிம்பில் முட்டாமல், பக்கத்திலேயே நிற்கிற மாதிரி, ஆடாத இரும்பு ஒன்றில் டேப் போட்டு ஒட்டினாள். பிறகு தள்ளி நின்றுகொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். புல்லியின் நடுப்பகுதி நேராகத்தான் சுற்றியது. வெளி வளையம் மட்டும் ஈர்க்கைவிட்டு விலகியது, நெருங்கியது, விலகியது... கடைசியில் ஈர்க்கை முறித்தே போட்டது.

வீடியோ காலில் நானாவுக்குக் காட்டினோம். எதற்கும் சிரிக்கிற மனுஷன் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“தம்பி, நீங்க கேட்டது இதையா? இது கிராங்க் புல்லி, மத்ததையெல்லாம் சுத்தவைக்கிறதே இதுதான். வேனை எடுக்க வேணாம்.”

நடுவுக்கும் வளையத்துக்கும் இடையில் ரப்பர் இருக்கிறதாம். அது செத்துவிட்டால் வளையம் தன் இஷ்டத்துக்கு ஆடி, ஒருநாள் கழன்று போகும். பெல்ட்டும் கூடவே போகும். தண்ணீர் பம்ப் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். தகரப் புல்லியின் லேசான ஆட்டத்தை மன்னிக்கலாம், கண்ணுக்கு இப்படித் தெரிகிற கிராங்க் புல்லியை மன்னிக்கக் கூடாது என்றார். அன்றைக்குப் பரவாயில்லை என்றீர்களே என்று அவர் மேல் பழி போடப் பார்த்தேன். வீடியோ அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும், தன் மேலும் பிழைதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் சண்டை போடவும் வழியில்லை.

சசி பஸ்ஸில் போனாள். மாத்தளை ஸ்டாண்டில் நெரிசலுக்குள் பையைத் தள்ளிக் கொடுத்தேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மெல்லச் சொன்னாள்.

“பழுதுன்னா பழுதுன்னு சொல்லுங்க. நின்னுக்கிட்டு போறது எனக்கு கஷ்டமில்ல. தெரியாம போறதுதான் கஷ்டம்.”

வேனில் தனியாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வேனின் ஆட்டத்தை மட்டுமா, நெஞ்சுவலியையும் ‘பொட்டக்’ என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரியைத் தூங்கவைக்கிற ஆண் இந்த ஊரில் நான் மட்டும்தானா? அவள் கலவரப்படக் கூடாதே என்று சொல்கிறோம். உண்மையில், அவள் கேள்வி கேட்கக் கூடாதே என்றுதான் சொல்கிறோம்.

நானா புதுப் புல்லி, புதுப் பெல்ட் போட்டுத் தந்தார். மலை ஏறி இறங்கி ஓட்டிப் பார்த்தேன். பம்பரம் மாதிரி நிதானம். பெருமையோடு சசிக்கு மெசேஜ் அனுப்பினேன்: “புல்லி மாத்தியாச்சு. இப்ப ஆட்டமே இல்ல. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர வரட்டுமா?”

அங்கே சிக்னல் கிடைக்க நேரமாகும். காத்திருந்தேன். பதில் வந்தது.

“வேற என்னென்ன ஆடுது?”