நீல நாக்கும் வெள்ளை நூலும்

என் மனைவி கோழி டாக்டர். சரியாகச் சொன்னால், கோழி டாக்டர்களை உருவாக்குகிற டாக்டர். கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருட மாணவர்களுக்குக் கோழி நோய்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். நான் தையல்காரன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் எனக்குத் தும்மல் வந்தது. அவள் கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் என்னையே பார்த்தாள். காதல் என்று நினைத்து நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கழுத்தை நீட்டி மூச்சு விடல. வெறும் சளிதான்" என்றாள்.

மாணவர்களுக்கும் இதே பாடம்தான். கொட்டகைக்குள் போனதும் எந்தக் கோழியையும் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்க்க வேண்டும். எது தீனிக்கு ஓடவில்லை, எது சிறகைத் தொங்கப்போட்டிருக்கிறது, தரையில் எங்கே ஈரம் என்று கவனிக்க வேண்டும். அதற்கப்புறம் கேட்கிற முதல் கேள்வி: இங்கே புதிதாக யார் வந்தார்கள்?

ஒன்பது வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. இந்த முறை ஓர் ஆய்வு அதிகாரி அவளுடைய செய்முறை வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள். அந்த வாரம் முழுக்க, அவள் இருந்த பதற்றத்தில், என் டீயில் சர்க்கரை இரண்டிரண்டு தடவை விழுந்தது. அப்படியே குடித்தேன்.

அன்றைய வகுப்பு, குடிதண்ணீரில் தடுப்பு மருந்து கொடுப்பது. முதலில் இரண்டு மணி நேரம் கோழிகளுக்குத் தண்ணீர் காட்ட மாட்டார்கள். பிறகு மருந்தோடு நீலச் சாயமும் கலந்து வைப்பார்கள். தாகத்தில் கோழிகள் மடமடவென்று குடிக்கும். அலகைத் திறந்து பார்த்தால் நாக்கு நீலமாக இருக்கும். நீலம் இல்லையென்றால் அந்தக் கோழிக்கு மருந்து போகவில்லை என்று அர்த்தம்.

இந்த விவரமெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மாணவர்களுக்குத் தைத்த முப்பது வெள்ளை அங்கிகளை மூட்டை கட்டிக்கொண்டு வகுப்புக்கு முன்பே நான் போனபோது கல்லூரிக் கொட்டகையில் ஆள் இல்லை. நூறு கோழிகள் காலித் தண்ணீர்த் தட்டுகளைக் கொத்திக்கொண்டிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள் ஒரு வாய் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார்களே என்று திட்டிக்கொண்டே குழாயைத் திறந்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு நூறும் என்னை நன்றியோடு பார்த்தன. அன்றைக்கு அந்தக் கல்லூரியிலேயே நல்ல மனசு எனக்குத்தான் என்று பூரித்துப்போய் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அதிகாரி வந்தார். மாணவர்கள் புது அங்கி போட்டுக்கொண்டு நீலத் தண்ணீரை வைத்தார்கள். கோழிகள் வந்து எட்டிப் பார்த்தன, போய்விட்டன. ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி ஒரு கோழியின் அலகைத் திறந்தார். நாக்கு நீலமாக இல்லை. அடுத்ததிலும் இல்லை. பத்தாவதிலும் இல்லை.

"என்னம்மா இது?" என்றார்.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதில் என் பங்கு இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, "கையைக் கட்டுங்க. பாருங்க" என்றாள்.

முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரியும் கட்டிக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் கோழியைத் தூக்கி அதன் கழுத்தடிப் பையைத் தடவினாள். "மேடம், பை முழுக்கத் தண்ணி. முன்னாடியே குடிச்சிருக்கு."

"குழாயடியில தரை ஈரமா இருக்கு" என்றான் இன்னொருத்தன்.

மூன்றாவது ஒருத்தன் குழாய்த் திருகிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வெள்ளை நூல். குனிந்து தன் அங்கியின் ஓரத் தையலைப் பார்த்தான்.

"மேடம், இங்க புதுசா யார் வந்தாங்க?"

முப்பது தலையும் என் பக்கம் திரும்பின. கோழிகளும் திரும்பின. அவை மட்டும் அன்பாகப் பார்த்தன.

"தாகமா இருந்துச்சு. பாவம்னு..." என்றேன்.

"யாரு இவரு?" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரர் சார்" என்றாள் அவள். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் அவள் என் முதுகில் சாய்ந்து குலுங்க ஆரம்பித்தாள். ஒன்பது வருட உழைப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டேனே, அழுகிறாள் என்று நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார் கையைக் கட்டிக்கிட்டு நின்னதைப் பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான், எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் நடுத்தெருவில் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

இரண்டு மாதத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே அதிகாரியின் அறிக்கை நகலும் வந்தது. அதில் இரண்டே வரி: 'மாணவர்களுக்கு நோயின் காரணத்தைத் தேடத் தெரிந்திருக்கிறது. கொட்டகைக்கு ஒரு பூட்டு தேவை.'

பூட்டை நானே வாங்கிக் கொடுத்தேன். சாவியை மட்டும் என் கண்ணில் இதுவரை காட்டவில்லை.