காலண்டர் ஆணி

ஸ்லைடு டப்பாவைத் திறந்ததுமே, எங்கள் திண்டிவனம் வீட்டில் புரொஜெக்டர் பல்பு சூடேறும்போது தூசி கருகுமே, அந்த வாசனை வந்தது. அப்பா வேளாண்மைத் துறையில் இருந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைத் தின்னும் கம்பளிப்புழுவைக் கலர் ஸ்லைடாக எடுத்து ஊர் ஊராகக் காட்டுவது அவர் வேலை, ரோலின் கடைசியில் மிஞ்சுகிற படம் மட்டும் எங்களுக்கு. அப்படி மிஞ்சிய ஒன்றுக்காக, "ஜல்தி வா, வெயில் போவுது" என்று அவர் கூப்பிட, முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே வந்து நின்றுவிட்டாள். ஸ்லைடில் எடுத்தது எடுத்ததுதான், பிறகு திருத்த முடியாது.

அந்தப் படம் சுவரில் விழும்போதெல்லாம், "பொட்டுகூட இல்லாம நிக்க வெச்சிட்டீங்களே" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, அது மாட்டியிருந்த ஆணி சரியாக அவள் நெற்றியில் வந்து உட்காரும்வரை புரொஜெக்டரை இம்மி இம்மியாக நகர்த்துவார். அப்புறந்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

ரோடு அகலமானபோது அந்தச் சுவர் போயிற்று. போன வருஷம் அம்மாவும்.

இன்று அந்த ஸ்லைடைத் தூசி போக ஊதி ஸ்கேன் செய்தேன். காதோரத்து ஈர மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது, அவ்வளவு துல்லியம். பெருமையாக லேப்டாப்பை அப்பா முன்னால் வைத்தேன். அம்மாவின் வெறும் நெற்றியையே பார்த்தவர், "கொஞ்சம் இந்தாண்ட நகத்தும்மா" என்றார்.

நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம்."