மருதாணி விரலில் எரிந்த பச்சை விளக்கு

போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து இன்னும் உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரின் சமுதாயக் கூடத்தில் நடந்தது இது. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று சில பேர் கேட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தால் நான் ஏன் உட்கார்ந்து டைப் பண்ணப் போகிறேன்?

நான் அப்போது எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி கடைசி வருஷம். எங்கள் புராஜெக்ட் கேட்கவே கெத்தாக இருக்கும். ஊசி குத்தாமல் பெண்களின் ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் கருவி. துணி க்ளிப் மாதிரி விரல் நுனியில் மாட்டினால் போதும், உள்ளே ஒரு வெளிச்சம் அடிக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். மிச்சம் வருவதை வைத்து கருவி கணக்குப் போடும். போதுமான ரத்தம் என்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. வெளிச்சக் கணக்கு பிசிக்ஸ்காரர்கள் போட்டது. கருவியைச் செய்தது இன்ஜினீயரிங்கில் பி.ஹெச்டி. பண்ணும் எங்கள் சீனியர். எந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்து என்று சொன்னது மெடிக்கல் டிபார்ட்மென்ட். கருவி சொல்வது நிஜமா என்று உண்மையான ரத்தத்தை எடுத்து லேபில் சரிபார்ப்பது என் வேலை. நாலு டிபார்ட்மென்ட் சேர்ந்த ஆராய்ச்சி என்று வாசலிலேயே பேனர் கட்டியிருந்தார்கள்.

அதுவரை கருவியைச் சோதித்தது எங்கள் காலேஜ் பசங்கள் விரலில்தான். பாஸ் ஆகிவிட்டது. அடுத்து மலைவாழ் பெண்களிடம் சோதிக்க வேண்டும், ஆடிப்பெருக்கு நோன்பிக்கு எல்லோரும் ஊரில் இருப்பார்கள், ஒரே நாளில் வேலை முடியும் என்று அந்தத் தேதியைக் குறித்தது எங்கள் கைடு.

லேப் ரிசல்ட் வராமல் விளக்கைக் காட்ட வேண்டாமே என்று கிளம்பும்போதே கேட்டேன். "சும்மா ரத்தம் குடுன்னா எவம்மா குடுப்பா? கையோட ஒரு ரிசல்ட் காட்டணும்" என்றார் கைடு. சரி, பெரியவர் சொல்கிறார்.

கூடத்தில் செம கூட்டம். பெண்கள் எல்லோர் விரல் நுனியும் தொப்பி போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. ஆடி நோன்பிக்கு அரைத்து வைத்த மருதாணி. நகமே தெரியவில்லை.

"ஏனுங்க, இது கடிக்குமுங்களா?" என்று ஒரு அக்கா க்ளிப்பைப் பார்த்துக் கேட்டார்.

"கடிக்காதுங்க, கண்ணுதான் அடிக்கும்" என்றான் சீனியர். கூடமே சிரித்தது.

"எங்கூட்டுக்காரரு கூட கண்ணடிச்சு வருசக்கணக்காச்சு. மாட்டுங்க சாமி!"

பச்சை. அடுத்தவருக்கும் பச்சை. அதற்கடுத்தும் பச்சை. ஏறக்குறைய எல்லோருக்கும் பச்சை. கைடு மைக் இல்லாமலே மைக் பிடித்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். தினை, சாமை, மலைக்காற்று, நம் முன்னோர்கள். நானும் தலையாட்டிக்கொண்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் கடைசியாக வந்தவள் ஒரு கர்ப்பிணி. என் வயசுதான் இருக்கும். ஏழாவது மாசம். இரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்கினாள். கூட வந்த அவள் புருஷன் நேரே விஷயத்துக்கு வந்தான்.

"நர்சம்மா பொழுதன்னிக்கும் நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போ, ரத்தம் ஏத்தணும்னு கத்திக்கிட்டே இருக்குதுங்க. நாளானிக்குப் போலாம்னு இருக்கறோம். இதுல வெச்சு ஒருக்காப் பாத்துச் சொல்லிப் போடுங்க."

சீனியர் மாட்டினான். பச்சை. "சூப்பருங்க! ரத்தம் அமோகமா ஓடுது!"

"பாத்தியா? நாஞ் சொன்னனில்ல? நோம்பியும் அதுவுமா ஆஸ்பத்திரில போயிப் படுக்கச் சொல்றாங்க" என்று அவன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் நிம்மதியாகச் சிரித்தாள். சீனியர் அந்தக் கையை க்ளிப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

"ரத்த டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அதையும் சொல்றோம்" என்றேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவள் மட்டும் போகாமல் நின்றாள். கையில் வாழை இலைத் துண்டில் மிச்ச மருதாணி விழுது.

"ஏனுங்க, நோம்பி நாள்ல கை இப்படி வெறுங்கையாக் கெடக்குது? உங்கூர்ல மருதாணிச் செடிக்கும் பஞ்சமுங்களா?"

கிளவுஸைக் கழற்றியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லுமுன் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். சாமானெல்லாம் மூட்டை கட்ட வேண்டும், ஒரு கை போதும் என்றேன். அஞ்சு விரலுக்கும் தொப்பி போட்டாள். வேன் மலை இறங்கி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரும்வரை அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். சீனியர் வழியெல்லாம் கிண்டல் அடித்தான்.

அந்த வாரமே லேபில் ரிசல்ட் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை காட்டிய நிறையப் பேருக்கு ரத்தம் குறைவு. கடைசி நம்பர், அதாவது அந்தக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். கருவியோ அவளுக்குப் பன்னிரண்டுக்கு மேல் காட்டியிருந்தது.

"உன் டெஸ்ட்தான் சொதப்பல். மிஷின் பொய் சொல்லாது" என்றான் சீனியர். மறுபடி செய்தேன். அதே ரிசல்ட். கடுப்பில் அவன் டேபிளில் கிடந்த க்ளிப்பை எடுத்து என் வலது கை விரலில் மாட்டினேன். சிவப்பு. அது எனக்கே தெரியும், ஹாஸ்டல் சாப்பாட்டில் எனக்கு எப்போதும் ரத்தம் கொஞ்சம் கம்மிதான். என்னமோ தோன்ற, இடது கையில் மாட்டினேன்.

பச்சை.

மறுபடி வலது. சிவப்பு. மறுபடி இடது. பச்சை. ஒரே ஆள், ஒரே ரத்தம். வித்தியாசம் மருதாணி மட்டும்தான். ரத்தம் விழுங்க வேண்டிய வெளிச்சத்தை அதுவும் சேர்ந்து விழுங்கிவிடுகிறது. கருவி அதையும் ரத்தம் என்றே கணக்குப் போடுகிறது. பெண்களுக்கென்றே ஒரு கருவி செய்திருக்கிறார்கள், பெண்கள் விரலில் மருதாணி இருக்கும் என்று நாலு டிபார்ட்மென்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓடிப் போய் கைடிடம் இரண்டு கையிலும் க்ளிப்பை மாட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு ரொம்ப அமைதியாகச் சொன்னார்.

"கிராஃபுல நேர்கோட்டை விட்டு விலகி நிக்கிற புள்ளியெல்லாம் எடுத்துடு. விரல் சரியான நிலையில இல்லைன்னு ஒரு வரி போட்டுக்கலாம். அடுத்த வாரம் கான்பரன்ஸ்."

"சார், அந்தக் கர்ப்பிணிக்கு யாரு சொல்றது?"

"இங்க பாரும்மா. நம்மகிட்ட இருக்கறது நம்பர்தான், பேர் இல்ல. ரத்தம் குடுத்தவங்களை நாம தேடிப் போகக் கூடாது. அது எதிக்ஸ்."

எதிக்ஸாம். பச்சை விளக்கைக் காட்டி அனுப்பும்போது அது எங்கே போயிருந்தது? பேர் எழுதிய தாள் அவர் பீரோவில்தான் இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. கடைசியாக வந்தது யார் என்று எனக்குத் தெரியும். அவள் வைத்த மருதாணி என் கையில் இருந்தது.

மறுநாள் காலை க்ளிப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்களா?

செம்மேட்டில் இறங்கி, முதலில் அந்த ஊருக்குப் பொறுப்பான நர்ஸை விசாரித்துக் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். பிடித்து விளாசினார்.

"அந்தப் புள்ளகிட்ட ரெண்டு மாசமாத் தொண்டத் தண்ணி வத்தக் கத்தி, இப்பத்தான் சரீன்னு தலையாட்ட வெச்சேன். ஒரு நிமிசத்துல வந்து லைட்டப் போட்டுக் காட்டீட்டுப் போயிட்டீங்க. இப்ப நான் போனா வாசல்லயே சிரிக்கறாங்க. 'மிஷினே சொல்லீருச்சு, நீ என்ன பெருசா'ங்கறாங்க. சத்து மாத்திரையையும் நிறுத்திப் போட்டாளாம்மா அவ!"

அவரோடு போனேன்.

புருஷன் வாசலில் மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

"ஏனுங்க, அன்னிக்கு அமோகம்னதும் நீங்கதான். இன்னிக்கு உசுருக்கு ஆபத்துன்னு சொல்றதும் நீங்கதான். நாளானிக்கு வந்து என்ன சொல்லுவீங்க? நாங்க என்ன உங்களுக்கு வெளாட்டுச் சாமானுங்களா?"

நீயே பேசு என்கிற மாதிரி நர்ஸ் என்னைப் பார்த்தார்.

க்ளிப்பை எடுத்து வலது விரலில் மாட்டிக் காட்டினேன். சிவப்பு. இடது விரலில் மாட்டினேன். பச்சை. அவன் வாங்கி அவனே என் விரலில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து அவள் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். முகம் அன்றைக்கு இருந்ததைவிட வெளுத்திருந்தது. காலெல்லாம் வீக்கம்.

"நா வெச்ச மருதாணிங்களா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நோம்பிக்கு மருதாணி வெச்சது எங்க தப்புங்களா?"

கைடு போடச் சொன்ன அந்த ஒரு வரி அதைத்தானே சொல்கிறது? விரல் சரியான நிலையில் இல்லை.

"இல்லவே இல்ல. தப்பு எங்க மிஷின் மேலதான். உங்க கைல இல்ல" என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்க யாரை வேணா நம்பிக்கங்க. எனக்கு நாலு எட்டு வெச்சா நெஞ்சு படபடங்குது. அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சு. லைட்டு பச்சையா எரிஞ்சதால சொல்லாம இருந்துட்டேன். நான் போறேனுங்க."

அவன் பாதி கட்டிய மூட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். நர்ஸ் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். மலையில் டவர் கிடைக்காமல் மேட்டுக்கு ஓடி ஓடிப் பேசினார். நாமக்கல்லில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். இந்த நிலையில் வீட்டில் வலி கண்டிருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று அங்கே டூட்டி டாக்டர் புருஷனைத் திட்டினார். அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். திட்டு வாங்க வேண்டியவர்கள் அந்நேரம் கான்பரன்ஸில் காட்ட ஸ்லைடு தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை பத்து மாசம் முழுக்க வயிற்றில் நிற்கவில்லை. எடை குறைவாகப் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்து, எப்படியோ தேறியது. பெண் குழந்தை.

எனக்கு? கருவியைத் திருடியதாகச் சொல்லி புராஜெக்டிலிருந்து தூக்கினார்கள். கடைசி நேரத்தில் வேறு ஒருவரிடம் ஒன்றுக்கும் உதவாத ஒரு புராஜெக்டைச் செய்து டிகிரி வாங்கினேன். அது போகட்டும். அன்றைக்கு வரிசையில் நின்ற மற்ற பெண்கள்? நம்பர் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பேர் கேட்டு கைடுக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. நர்ஸ் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, எல்லோரையும் மறுபடி ஊசி குத்திக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். சில பேர் இன்னும் கதவைத் திறக்கவில்லையாம். "எங்களுக்குத்தான் பச்ச எரிஞ்சுதே" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறார்களாம்.

ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. பரிசும் வந்தது. விலகிய புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் மலைவாழ் மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றியாம்.

எங்கள் டிபார்ட்மென்ட் வராந்தாவில் அதன் போஸ்டர் இன்னும் தொங்குகிறது. நடுவில் பெரிதாக ஒரு போட்டோ. சிவந்த விரல் நுனியில் க்ளிப், மேலே பச்சை விளக்கு. கட்டுரையிலிருந்து ஆளை எடுத்துவிட்டார்கள், கை மட்டும் அழகாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

என் இடது கை மருதாணி அந்த மார்கழிக்குள் நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விட்டது. ஆனால் இப்போதும் எந்த ஆராய்ச்சியில் சுத்தமான நேர்கோட்டைப் பார்த்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. இதற்காக யாரைத் துடைத்துப் போட்டார்கள், அவர்களிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.