சந்தேஷ் கடையில் ஓர் இட்லி

கோமதி தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். லேக் கார்டன்ஸில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் வங்காள அம்மாள்தான் போன் செய்தார். பையை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அவரோடு வேலை பார்த்த நண்பர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன், உங்களை அழவைக்க அல்ல. கோமதியை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது, என்ன செய்ய?

சந்தேஷ் என்ற வங்காளப் பால் இனிப்புக்குப் பேர்போன நிதாய் பாபுவின் கடைக்கு நம் கம்பெனி வேலை செய்துகொடுத்த காலம் அது. ஊரெங்கும் அவருக்குக் கிளைகள். சமையற்கூடம் மட்டும் ஒன்றுதான். கிளைகள் ஆர்டரைப் போனில் கத்தும், சமையற்கூடத்தில் பாதிதான் காதில் விழும். கோமதி அதை மாற்றினார். கிளையின் டேட்டாபேஸில் எழுதும் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு செய்தியாகி, நடுவில் ஒரு க்யூவில் போய் நிற்கும். சமையற்கூடத்து டேட்டாபேஸ் அவற்றை வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொள்ளும். மழையில் லைன் அறுந்தாலும் செய்தி தொலையாது, காத்திருக்கும். "ரேஷன் கடை மாதிரிதான். கடை சாத்தியிருந்தா வீட்டுக்கா போயிருவோம்? பையப் போட்டுட்டு நிப்போம்லா" என்று என்னிடம் சொன்னதையே, தன் ஓட்டை இந்தியில் நிதாய் பாபுவுக்கும் விளக்கினார்.

நிதாய் பாபு நம்பவில்லை. பாய்ஃபோட்டா வருகிறது, அதில் ஓர் ஆர்டர் தவறினாலும் பழையபடி போன்தான் என்று சொல்லிவிட்டார். சகோதரிகள் சகோதரர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்து இனிப்பு ஊட்டும் நாள் அது. இனிப்புக் கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய நாள் ஏது? இந்த வேலை கைவிட்டுப் போனால் கம்பெனி கோமதியைச் சென்னைக்கு மாற்றிவிடும். அவருக்கோ இந்த ஊரை விட மனமே இல்லை. "தனியா இருக்கியேன்னு இங்கயும்தான் கேக்காங்க. ஆனா பதிலுக்குக் காத்திருக்காம சாப்பிடச் சொல்லிருதாங்க" என்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் கடை திறக்குமுன் லேக் மார்க்கெட் கிளையிலிருந்து ஓர் ஆர்டர் போடுவார்: இட்லி, ஒன்று. அது சமையற்கூடத்துத் திரையில் தெரிந்தால் வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே அழித்துவிடுவார். சந்தேஷ் கடையில் யாரும் இட்லி கேட்க மாட்டார்கள், அதனால் குழப்பம் வராது என்பது அவர் வாதம். இதற்காகவே இரு பக்கத்துப் பொருள் பட்டியலிலும் இட்லியைச் சேர்த்து வைத்திருந்தார்.

பண்டிகைக்கு முந்தைய நாள் காலை நல்ல மழை. லைன் போயிருந்ததால் இட்லி போய்ச் சேராததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லைன் வந்தது, கடைகள் திறந்தன, ஆர்டர்கள் கொட்டின. சமையற்கூடத்துத் திரையில் மட்டும் ஒன்றையும் காணோம். க்யூ வீங்கிக்கொண்டே போனது. சென்னையிலிருந்து மேலாளர் போனில், "மொத்தத்தையும் காலி பண்ணும்மா, கிளைங்கள திரும்ப அனுப்பச் சொல்லிக்கலாம்" என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. "பண்ணிடலாம் கோமதி" என்றேன் நானும்.

"ஏன் இப்படிப் பதறுதிய? ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் ஒரு தங்கச்சி நிக்கா. மொதல்ல நிக்கது யாருன்னு பாப்போம்."

பார்த்தோம். முதலில் நின்றது இட்லி.

சமையற்கூடத்தில் ஹாரு-தா என்றொரு மூத்த இனிப்புக்காரர். பொருள் பட்டியலும் அவர் பொறுப்புதான். பண்டிகைக்காகப் பட்டியலைச் சுத்தம் செய்தபோது, இங்கே இட்லிக்கு என்ன வேலை என்று அதை நீக்கிவிட்டிருக்கிறார். பட்டியலில் இல்லாத பொருளை எழுத மாட்டேன் என்று டேட்டாபேஸ் அடம்பிடிக்க, அதற்குப் பின்னால் ஊர் சந்தேஷ் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. வழியைச் சோதிக்கப் போனதே வழியை அடைத்துக்கொண்டு நின்றது! கோமதியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டியலில் இட்லியைத் திரும்பச் சேர்த்ததும் ஆர்டர்கள் வரிசை மாறாமல், ஒன்றுகூடத் தவறாமல் போய்ச் சேர்ந்தன.

ஹாரு-தாவுக்கு நல்ல டோஸ் விழும் என்று எதிர்பார்த்தேன். கோமதி போன் செய்து, தப்பு தன்னுடையதுதான், முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். அந்த அமளியில் சோதனை ஆர்டரை அழிக்க மறந்துபோனார். சாயங்காலம் லேக் மார்க்கெட் கிளைக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே ஆவியில் வேகவைத்த சந்தேஷ், அச்சு அசல் இட்லி வடிவத்தில். பக்கத்தில் சட்னி போல அரைத்த பிஸ்தா. ஹாரு-தா ஆர்டரை அப்படியே நிறைவேற்றியிருந்தார். நிதாய் பாபு அதில் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு, இனிமேல் போன் வேண்டாம் என்றார். அடுத்த வாரமே அந்த இட்லி விற்பனைக்கு வந்துவிட்டது. கோமதிதான் பாவம், சோதனைக்கு வடையைத் தேட வேண்டியதாயிற்று; இந்தத் தடவை ஹாரு-தாவிடம் சொல்லிவிட்டு.

பண்டிகையன்று கோமதி ஒரு கிண்ணத்தில் சந்தனத்தோடு ஆபீஸுக்கு வந்தார். "எனக்குக் கூடப் பொறந்தவங்க கெடையாது. இந்த ஊர்லயே இருக்கப் போறேன், ஒரு அண்ணன் வேணும்லா? உக்காருங்க" என்றார். அந்த ஊர் வழக்கப்படி இடது கைச் சுண்டுவிரலால் என் நெற்றியில் பொட்டு வைத்தார். எல்லோரும் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பிறகு எந்த வருடமும் அவர் விடவில்லை. பதவி உயர்வு தருகிறோம், சென்னைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டபோதும் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

மயானத்தில் அங்கிருந்த ஊழியர், இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று என்னைக் கேட்டார். ஒன்றாக வேலை பார்த்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். பௌதி முந்திக்கொண்டு, "அவளுடைய அண்ணன்" என்றார்.

கோமதி, அந்த உறவை நான் வைத்துக்கொள்கிறேன்.